திக்குத் தெரிந்தவர்கள்

கோவில்பட்டிப் பக்கத்துக் கிராமங்களில் இடது, வலது என்ற சொற்களுக்கு வேலை குறைவு. பந்தியில் உட்கார்ந்திருப்பவரைச் சற்று நகரச் சொல்ல வேண்டுமானால், "கொஞ்சம் மேக்க தள்ளி உக்காருங்க" என்பார்கள். தீப்பெட்டி எங்கே என்று கேட்டால், "தெக்குச் செவத்து மாடக்குழியில இருக்கு" என்று பதில் வரும். கட்டிலை ஒரு சாண் கிழக்கே இழுத்துப் போடுவார்கள். தெருக்களுக்குக் கீழத்தெரு, மேலத்தெரு, வடக்குத்தெரு, தெற்குத்தெரு என்று பெயர். இருட்டில் எழுந்து தண்ணீர்ச் செம்பைத் தேடுகிறவரும் அது வடபுறம் இருக்கிறதென்றுதான் கையை நீட்டுவார்.

இடம், வலம் அடியோடு இல்லாமலும் போய்விடவில்லை. வண்டியில் பூட்டும் காளைகளில் ஒன்று இடத்தை மாடு, மற்றொன்று வலத்தை மாடு. காரணம் வெளிப்படை. வண்டி திரும்பினால் மாடுகளும் கூடத் திரும்பிவிடும். நுகத்தடியில் கிழக்குப் பக்கம் இருந்த மாடு அடுத்த முடக்கில் தெற்குப் பக்கத்து மாடு ஆகிவிடும். அதற்குத் திசைப் பெயர் வைத்து எந்தச் சம்சாரியும் கட்டிக் காப்பாற்ற முடியாது. ஆகையால் உடம்போடு திரும்புகிற பொருளுக்கு இடமும் வலமும், நிலத்தோடு நிற்கிற பொருளுக்குத் திசையும் என்று பிரித்துக்கொண்டார்கள். படித்தவர்கள் கூடி வகுத்தாலும் இதைவிடச் சிறப்பாக வகுத்துவிட முடியாது.

கரிசல் பூமியின் அமைப்பும் இதற்கு ஒத்தாசை செய்கிறது. கோவில்பட்டியில் நின்றால் கிழக்கே எட்டயபுரம், மேற்கே கழுகுமலை, வடக்கே சாத்தூர், தெற்கே கயத்தாறு என்று ஊர்களே திசைகாட்டி முள்ளைப்போல நிற்கின்றன. இடையில் கண்ணுக்கு எட்டிய தூரம் பருத்திக் காடும் கம்பங் காடும். திரும்புகிற இடமென்று அடையாளம் சொல்ல ஒற்றைப் பனையோ உடைமரமோ எப்பொழுதாவது அகப்பட்டால் உண்டு. ஆனால் ஆடி மாதத்து மேல்காற்று முகத்தில் அறைந்து சொல்லும், மேற்கு எந்தப் பக்கம் என்று. அந்தக் காற்றை நம்பித்தான் பின்னால் கயத்தாற்றைச் சுற்றி வரிசை வரிசையாகக் காற்றாலைகளை நட்டார்கள்.

சொற்களுக்குள்ளும் நிலத்தின் சரிவு இருக்கிறது. கிழக்கு என்பதில் 'கீழ்' இருக்கிறது, மேற்கு என்பதில் 'மேல்' இருக்கிறது. மேற்கே மலை, கிழக்கே கடல். தண்ணீர் ஓடும் வழியே சொல்லாகிவிட்டது. திருநெல்வேலிச் சீமையில் இடையன்குடியில் வாழ்ந்த கால்டுவெல் பாதிரியார், 1856இல் வெளிவந்த தம் ஒப்பிலக்கண நூலில் இதைக் கவனித்து எழுதினார். மலையாள நாட்டில் மலை கிழக்கே இருக்கிறது, கடல் மேற்கே. இருந்தும் அவர்களும் மலைப் பக்கத்தைக் கிழக்கு, அதாவது கீழ்ப்பக்கம், என்றே சொல்லுகிறார்கள். மேற்குக்கு மட்டும், ஞாயிறு படிகிற திசை என்று பொருள்பட, 'படிஞ்ஞாறு' என்கிறார்கள். அந்தச் சொல் மலைக்கு இந்தப் பக்கத்தில் பிறந்து அந்தப் பக்கம் போயிருக்க வேண்டும் என்பது கால்டுவெல்லின் முடிவு. திசைச் சொல்லைப் பிடித்துக்கொண்டு ஒரு மனிதர் சரித்திரத்துக்குள்ளேயே நுழைந்துவிட்டார்!

இத்தனையும் நாக்கில் இருக்கிறது. சரி, மனசுக்குள் எவ்வளவு இருக்கிறது? ஒருவனுக்குத் திசை உணர்ச்சி இருக்கிறதா, இருந்தால் எவ்வளவு என்று எப்படி அளப்பது? நிலத்தை அளக்கக் கருவி உண்டு. கட்டபொம்மனைக் கயத்தாற்றில் தூக்கிலிட்ட 1799ஆம் வருஷத்துக்கு மூன்றாவது வருஷத்திலேயே, அதாவது 1802இல், லாம்டன் துரை சென்னைப் பரங்கிமலையருகில் சங்கிலியை நீட்டி இந்தியாவின் மாபெரும் நில அளவையைத் தொடங்கிவிட்டார். நிலம் வாய் திறக்காது, அசையாது, பொய்யும் சொல்லாது. மனிதனை அளக்கிற காரியம் அப்படி எளிதாக இல்லை. அதற்கு இன்னும் ஒரு நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று.

முதலில் இதில் ஆசை வைத்தவர்கள் பிராணி சாஸ்திரிகள். 1873இல் டார்வின் ஒரு சிறு குறிப்பு எழுதினார். வட சைபீரியாவின் பனிக்கட்டி மேடுகளுக்கிடையே எத்தனை முறை வளைந்து திரும்பினாலும் அங்குள்ள மக்கள் போக வேண்டிய திசையைத் தவறவிடுவதில்லை என்று ராங்கல் என்ற பிரயாணி எழுதியிருந்ததை அதில் எடுத்துக்காட்டினார். இது ஏதோ தனிப்பட்ட ஐந்தறிவுக்கு அப்பாற்பட்ட சக்தி என்று அவர் நினைக்கவில்லை. பார்வையும் பழக்கமும் சேர்ந்து, திரும்பிய திருப்பங்களை மனசே கணக்கு வைத்துக்கொள்கிறது என்று கருதினார்.

ஆளிடமே கேட்டு எழுதி வாங்குகிற வழக்கத்துக்குப் பெரும் பிள்ளையார் சுழி போட்டவர் டார்வினின் உறவினரான கால்ட்டன். இன்று காலை உணவருந்திய மேஜையை நினைத்துப் பாருங்கள், அது மனக்கண்ணில் எவ்வளவு தெளிவாகத் தெரிகிறது என்று கேட்டுப் பலருக்கும் கேள்வித்தாள் அனுப்பினார். 1880இல் விடைகளை வெளியிட்டார். அவர் கேட்ட விஞ்ஞானிகளில் பலர், மனக்கண் என்று ஒன்று உண்டு என்பதையே நம்பவில்லை. அது வெறும் பேச்சு வழக்கு என்று எண்ணிக்கொண்டிருந்தார்கள். தன்னிடம் இல்லாதது பிறரிடமும் இராது என்று நினைப்பது மனித இயல்பு. தன்னிடம் இருப்பது எல்லாரிடமும் இருக்கும் என்று நினைப்பதும் அதே இயல்புதான். இந்த இரண்டாவது செய்தியை வாசகர்கள் மனசில் வைத்துக்கொள்ள வேண்டும். கோவில்பட்டிக்குத் திரும்பும்போது அது தேவைப்படும்.

1913இல் டிரோபிரிட்ஜ் என்ற அமெரிக்கர், நியூயார்க்கில் இருப்பவர்களிடம் தொலைவிலுள்ள ஊர்கள் எந்தத் திசையில் இருக்கின்றன என்று கேட்டுப் பார்த்தார். பலர் தலைக்குள் இருந்த தேசப்படம் கோணலாகச் சுழன்று கிடந்தது. 1932இல் லைக்கர்ட் என்பவர், ஒரு வாக்கியத்தைக் கொடுத்து 'முழுக்க ஒப்புகிறேன்' என்பதிலிருந்து 'முழுக்க மறுக்கிறேன்' என்பதுவரை படிப்படியாக விடை குறிக்கும் முறையை வகுத்தார். இன்று பாங்கியிலும் ஆஸ்பத்திரியிலும் நம் கையில் திணிக்கிற தாள்களுக்கெல்லாம் மூதாதை அதுவே.

கேள்வித்தாளும் திசையும் ஒன்றுசேர்ந்தது 1977இல். கோஸ்லோவ்ஸ்கி, பிரையன்ட் என்ற இருவர் மாணவர்களிடம், 'உங்கள் திசை உணர்ச்சிக்கு நீங்களே எத்தனை மார்க்குப் போடுவீர்கள்?' என்று நேரடியாகக் கேட்டார்கள். ஒன்று முதல் ஏழு வரை மார்க்கு. பிறகு கண்ணுக்குத் தெரியாத கட்டடங்களைக் கையால் சுட்டச் சொன்னார்கள். தனக்கு அதிக மார்க்குப் போட்டுக்கொண்டவர்கள் திருத்தமாகவே சுட்டினார்கள். அதன் பிறகு பூமிக்கடியில் பழக்கமில்லாத சுரங்க வழியாக அழைத்துப் போனார்கள். முதல் தடவையில் இரு சாராருக்கும் வித்தியாசமில்லை. திரும்பத் திரும்ப நடந்தபோது, நல்ல மார்க்குப் போட்டவர்கள் தேறினார்கள், மற்றவர்கள் தேறவில்லை. திசை உணர்ச்சி என்பது கூடப் பிறந்த வரம் என்பதைவிட, கவனித்துக் கற்றுக்கொள்ளும் சாமர்த்தியம் என்று இதிலிருந்து தெரிந்தது.

2002இல் கலிபோர்னியாவின் சாண்டா பார்பராவில் இதை இன்னும் செம்மைப்படுத்தினார்கள். மேரி ஹெகார்ட்டி தலைமையில் ஐவர். ஐந்து பெயர்களில் கடைசிப் பெயர் சுப்பையா என்று பார்க்கும்போது நம் பக்கத்து வாசகர்களுக்குச் சிறு சந்தோஷம் உண்டாகலாம். பதினைந்து வாக்கியங்கள், ஒவ்வொன்றுக்கும் ஏழு படி. வழி சொல்லுவதில் கெட்டிக்காரனா, புது நகரத்தில் சுலபமாக வழி தப்பிவிடுவாயா, தேசப்படம் பார்ப்பது பிடிக்குமா, பொருளை வைத்த இடம் மறக்குமா, காரில் பிறர் ஓட்டிப் போகும்போது வழி நினைவிருக்குமா என்கிற ரீதியில் அவை போகின்றன. சுற்றுப்புறத்தைக் கிழக்கு மேற்கு என்று திசை வைத்து நினைப்பது வழக்கமா என்பதும் அவற்றில் ஒன்று. சில வாக்கியங்கள் புகழ்ச்சியாகவும் சில குறை கூறுவதாகவும் இருக்கும். எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டுப் போகிறவனைப் பிடிக்க அது ஓர் உபாயம்.

இந்தத் தாளைப் பரிகாசம் செய்ய வேண்டியதில்லை. தன் காலால் நடந்து ஓர் இடத்தைக் கற்றுக்கொண்டவர்களை இது நன்றாகவே இனம் கண்டது. திரைப்படத்தில் காட்டிக் கற்பித்தபோது அவ்வளவு பொருந்தவில்லை. கால் அறிந்ததைப் பற்றி மனிதன் ஓரளவு உண்மையே பேசுகிறான். ஐந்து நிமிஷத்தில் முடிகிற வேலை, காகிதமும் பென்சிலும் போதும். ஆராய்ச்சிக்காரர்களுக்கு வேறென்ன வேண்டும்?

ஆனால் அந்தத் தாளைக் கரிசல் காட்டுக்கு எடுத்து வந்தால் என்ன ஆகும்? எழுத்தாளனுக்குள்ள உரிமையில் ஒரு காட்சியைக் கற்பனை செய்து பார்க்கிறேன். பட்டணத்திலிருந்து ஒரு பையன் வருகிறான். வேப்ப மரத்தடியில் உட்கார்ந்திருக்கிற பெரியவரிடம் கேட்கிறான்:

"தாத்தா, உங்களுக்குத் திசை உணர்ச்சி ரொம்ப நல்லா இருக்குன்னு சொல்லுவீங்களா?"

"அப்படின்னா என்னய்யா?"

"கிழக்கு எது, மேற்கு எதுன்னு எப்பவும் தெரியுமா?"

"இது என்னய்யா கேள்வி! சோறு எந்த வழியாத் திங்கணும்னு தெரியுமான்னு கேட்ட மாதிரியில்ல இருக்கு?"

"சரி, தேசப்படம் பார்க்கிறது உங்களுக்குப் பிடிக்குமா?"

"அது எதுக்கு?"

"புது நகரத்துக்குப் போனா வழி தப்பிருவீங்களா?"

"மதுரைக்குப் போனா அந்தச் சந்து பொந்துல தப்பாம என்ன செய்யும்? மகன் கையைப் பிடிச்சுக்கிட்டுப் போவேன்."

பையன் தாளில் குறித்துக்கொள்கிறான். வழி சொல்லும் திறமை: சொல்லத் தெரியவில்லை. தேசப்படம்: இல்லை. புது நகரம்: தப்பிவிடுவார். பெரியவர் குறைந்த மார்க்கு வாங்குகிறார். அவரை நாலு சுற்றுச் சுற்றிவிட்டு ஜன்னல் இல்லாத அறையில் நிறுத்தினாலும் வடக்கைக் காட்டுவாரோ என்னவோ, அதை அந்தத் தாள் கேட்கவில்லை.

தவறு பெரியவரிடம் இல்லை, பையனிடமும் இல்லை. தன்னைப்பற்றி ஒருவன் மார்க்குப் போட வேண்டுமானால், பக்கத்திலிருப்பவனோடு ஒப்பிட்டுத்தான் போட முடியும். ஊரே திசை தெரிந்ததாக இருக்கும்போது, தனக்குத் தெரியும் என்பது அவருக்கு ஒரு விசேஷமாகவே படாது. எல்லாரும் ஆறடி உயரமுள்ள ஊரில் யாரும் நெட்டையில்லை. கால்ட்டனுக்குக் கிடைத்த பாடத்தின் மறுபக்கம் இது.

அப்படியானால் கேட்காமலே அளக்க வழி உண்டா? உண்டு. அது செய்யப்பட்டதும் நம் தமிழ்நாட்டில்தான். 1990க்குப் பிறகு, ஹாலந்து தேசத்து நைமேகன் நகரிலுள்ள மாக்ஸ் பிளாங்க் நிறுவனத்தில் லெவின்சன் என்பவர் தலைமையில் ஒரு கூட்டம், உலகத்துப் பல மொழிக்காரர்களும் இடத்தை எப்படி நினைக்கிறார்கள் என்று ஆராய்ந்தது. தமிழ் அவர்களில் எரிக் பெடர்சன் என்பவர் பங்குக்கு வந்தது. அவர் கிராமத்துத் தமிழர்களையும் நகரத்துத் தமிழர்களையும் தனித்தனியே பார்த்தார்.

முதலில் ஒரு விளையாட்டு. நடுவில் தட்டி, இருபுறமும் ஒவ்வோர் ஆள். இருவரிடமும் ஒரே மாதிரிப் படங்கள், மரத்தருகில் ஒரு மனிதன் நிற்பதுபோல. ஒருவர் படத்தைச் சொல்ல, மற்றவர் அதைத் தேடி எடுக்க வேண்டும். நகரத்தார் மனிதன் மரத்துக்கு வலது புறம், இடது புறம் என்று சொன்னார்கள். கிராமத்தார் மரத்துக்கு வடக்கே, தெற்கே என்று சொன்னார்கள். கையகலப் படத்துக்குள்ளும் வடக்கு!

பேச்சு அப்படி இருக்கலாம், மனசு எப்படி என்று பார்க்க இன்னொரு சோதனை. மேஜைமேல் மூன்று மிருகப் பொம்மைகளை வரிசையாக நிறுத்துவார்கள். ஆள் வடக்கு முகமாக நிற்கிறார் என்று வைத்துக்கொள்வோம். பொம்மைகள் அவருடைய வலப்பக்கம், அதாவது கிழக்கே, பார்த்துப் போகின்றன. நன்றாக மனசில் பதித்துக்கொண்ட பிறகு, அவரை அப்படியே திருப்பி, பின்னாலிருக்கிற மற்றொரு மேஜைக்கு முன்னால் தெற்கு முகமாக நிறுத்துவார்கள். 'பார்த்தபடியே அடுக்குங்கள்' என்பார்கள். இடது வலதாக நினைப்பவர் பொம்மைகளை மறுபடியும் தம் வலப்பக்கம் பார்க்க வைப்பார். அது இப்போது மேற்கு. திசையாக நினைப்பவர் கிழக்கே பார்க்க வைப்பார். அது இப்போது அவருக்கு இடப்பக்கம். இரண்டு பேரும் தாம் செய்தது ஒன்றே சரி என்று நிச்சயமாக இருப்பார்கள். அளக்கப்படுகிறோம் என்பதுகூட அவர்களுக்குத் தெரியாது.

எல்லாரும் அச்சில் வார்த்ததுபோல நடந்துகொள்ளவில்லை. ஆனாலும் திசை பேசுகிற கிராமத்தார் பெரும்பாலும் திசைப்படி அடுக்கினார்கள். நகரத்தார் பெரும்பாலும் இடம் வலம்படி அடுக்கினார்கள். இருவருக்கும் தாய்மொழி தமிழ். இருவர் மொழியிலும் இரண்டு வகைச் சொற்களும் உண்டு. எதை நாள்தோறும் புழங்குகிறோமோ அதன்படி நினைவு வார்க்கப்படுகிறது என்பதே அதன் தாத்பர்யம்.

காசியிலும் இதேபோல் நடந்தது. காசி இந்து சர்வகலாசாலையைச் சேர்ந்த ரமேஷ் மிஸ்ராவும் ஜெனீவாவின் பியர் டாசனும் சேர்ந்து, சமஸ்கிருத பாடசாலைப் பிள்ளைகளையும் சாதாரண ஹிந்திப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளையும் சோதித்தார்கள். கண்ணைக் கட்டி, சுழற்றி, வேறு இடத்துக்கு அழைத்துப் போய்த் திசை கேட்டபோது பாடசாலைப் பிள்ளைகளே மேலாகச் சொன்னார்கள். எந்தத் திசை நோக்கி உட்கார வேண்டும், எந்தத் திசை நோக்கி வணங்க வேண்டும் என்பது அவர்களுக்கு அன்றாட ஒழுங்கு. நம் வீடுகளிலும் வடக்கே தலை வைத்துப் படுக்காதே என்று குழந்தையை அதட்டுகிறோம். தினசரிக் காலண்டர் தாளில் இன்று சூலம் எந்தத் திசை என்று அச்சிட்டிருக்கிறது. இவற்றை நம்புவதும் நம்பாததும் அவரவர் விருப்பம். தினமும் ஒரு தடவையாவது திசையை நினைக்க வைத்தன என்பதை மறுக்க முடியாது.

இந்தப் பழக்கம் எத்தனை தூரம் போகும் என்பதற்கு ஆஸ்திரேலியாவின் வடகிழக்கிலுள்ள கூகு யிமிதிர் மக்கள் உதாரணம். கங்காரு என்ற சொல்லை 1770இல் காப்டன் குக்கின் கோஷ்டிக்குக் கொடுத்தவர்கள் இவர்கள். இவர்கள் பேச்சு முழுவதும் திசைதான். காட்டுக்குள் வண்டியை நிறுத்திக் கண்காணாத இடங்களைக் காட்டச் சொன்னபோது, லெவின்சன் கண்ட சராசரிப் பிழை 15 பாகைக்கும் குறைவு.

சமீப காலத்தில் கணக்குகள் பெருகிவிட்டன. 2016இல் கைப்பேசியில் விளையாடும் கடற்பிரயாண விளையாட்டு ஒன்றை ஆராய்ச்சிக்கென்றே வெளியிட்டார்கள். சுமார் 40 லட்சம் பேர் விளையாடினார்கள். நகரத்துக்கு வெளியே வளர்ந்தவர்கள் வழி காண்பதில் சராசரியாக மேலாக இருப்பதாக 2022இல் அதிலிருந்து கண்டார்கள். சதுரங்கப் பலகைபோல நேர்த் தெருக்களாக அமைந்த நகரங்களில் வளர்ந்தவர்களே மிகவும் பின்தங்கினார்கள். 46 நாட்டுக்காரர்களைப் பார்த்ததில், தன்னைப்பற்றித் தான் சொல்லும் மார்க்குக்கும் உண்மைத் திறமைக்கும் எல்லா நாட்டிலும் ஓரளவு சம்பந்தம் இருந்தது என்று 2023இல் வெளியிட்டார்கள். ஆனால் எவ்வளவு கூட்டிச் சொல்லுகிறார்கள், எவ்வளவு குறைத்துச் சொல்லுகிறார்கள் என்பது நாட்டுக்கு நாடு மாறியது. தற்பெருமைக்கும் தேசப்படம் உண்டு போலும்.

பெண்களைப்பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் இருக்க முடியாது. இத்தகைய தாள்களில் பெண்கள் சராசரியாக ஆண்களைவிடக் குறைவாகவே தங்களுக்கு மார்க்குப் போட்டுக்கொள்கிறார்கள். அந்தக் கைப்பேசி விளையாட்டிலும் ஆண்களே முந்தினார்கள். ஆனால் பெண்ணுக்கும் ஆணுக்கும் வாய்ப்புச் சமமாக உள்ள தேசங்களில் அந்த வித்தியாசம் குறுகிப் போவதை 2018இல் கண்டார்கள். வீட்டை விட்டுப் போக விட்டால்தானே வழி தெரியும்! பிறந்த ஊரிலிருந்து வாக்கப்பட்ட ஊருக்கு ஒரு தடவை வண்டியில் வந்து, பிறகு பருத்திக் காட்டுக்கும் கிணற்றுக்கும் மட்டுமே நடந்த ஒருத்தியிடம் 'புது நகரத்தில் வழி தப்புவாயா?' என்று கேட்டால், அவள் சொல்லும் பதில் அவளை அளக்காது. அவளை வைத்திருந்தவர்களை அளக்கும்.

இதெல்லாம் பண்டிதர்களின் பொழுதுபோக்கு, நமக்கென்ன என்று நினைத்துவிடக் கூடாது. அந்த விளையாட்டை உண்டாக்கியதே முதுமையில் வரும் மறதி நோயை ஆராய்வதற்காக. அல்ஸைமர் நோயின் ஆரம்ப அறிகுறிகளில் ஒன்று, பழகிய இடத்திலேயே வழி தடுமாறுவது. நாளைக்கு நம் ஊர் ஆஸ்பத்திரிகளிலும் முதியவர்களிடம் இப்படி ஒரு தாளை நீட்டப் போகிறார்கள். இங்கிலீஷிலிருந்து வார்த்தைக்கு வார்த்தை பெயர்த்த தாளாக அது இருந்தால், நலமாயிருக்கும் பெரியவரைக் குறையுள்ளவர் என்று சொல்லிவிடக்கூடும். உண்மையில் தடுமாறத் தொடங்கியவரைத் தப்பவும் விட்டுவிடக்கூடும். கிராமத்தில் கேட்க வேண்டிய கேள்வி வேறு. மருமகளைக் கூப்பிட்டு, "உங்க அத்தை இப்பல்லாம் வடக்கு தெக்கு மாத்திச் சொல்லுறாங்களா?" என்று கேட்டால், அவள் உடனே சொல்லிவிடுவாள். அறுபது வருஷமாகத் தெற்குச் சுவர் என்று சொன்னவர் ஒருநாள் வடக்குச் சுவர் என்று சொன்னால், அந்த வீட்டில் அது இடி விழுந்ததுபோலக் கேட்கும்.

அந்த மருமகளுக்குக் கேட்கும். அவள் மகளுக்குக் கேட்குமா என்பதுதான் சந்தேகம். 1876இல் ரயில் வந்தது, பிறகு மில்கள் வந்தன, தீப்பெட்டி ஆபீஸ்கள் வந்தன, கோவில்பட்டி பட்டணமாயிற்று. இப்போது கைப்பேசிக்குள்ளிருந்து ஒரு குரல், 'இடது பக்கம் திரும்பவும்' என்கிறது. பேத்தியும் லெஃப்ட், ரைட் என்கிறாள். வழி தவறாமல் போய்ச் சேருகிறாள், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. பாட்டி "மேக்குச் செவத்துல மாட்டு" என்று படத்தைக் கொடுத்தால் மட்டும், கொஞ்ச நேரம் நின்று யோசிக்கிறாள். பாட்டிக்கு அந்த யோசனை விளங்குவதில்லை. சுவர் அங்கேயேதானே இருக்கிறது!